அலையடக்கியார் வாய் திறந்த கதை

சுனாமிக்கு அடுத்த வருசம் களுதாவளைக் கடற்கரையில் ஒரு மகான் தோன்றினார். பெயர் அலையடக்கிச் சாமியார். அலை வந்த அன்று இவர் எதை அடக்கிக்கொண்டிருந்தார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்க நேரமேது? வரிசை அவ்வளவு நீளம்!

கடலில் செத்தவர்களின் ஆவி, உப்புத்தண்ணீர் குடித்துத் தப்பியவர்களின் நெஞ்சுக்குள் ஒளித்திருக்கிறதாம். சாமியார் நெஞ்சில் வாயை வைத்து உறிஞ்சுவார். தட்டில் துப்புவார். கறுப்பு மணலும் பாசியும் விழும். "அரோகரா!" கூட்டம் துள்ளும். காணிக்கையாக நிவாரணச் சாமான் மட்டுந்தான் எடுப்பார், பாவம். பால்மா, பாய், தறப்பாள் என்று அவர் வீடு கூட்டுறவுச் சங்கக்கடை மாதிரி நிறைந்திருந்தது.

புது வீடுகளுக்கு இரும்பு ஒட்டும் வெல்டிங்காரன் கோணாமலைக்கு இருமல் கண்டது. காய்ச்சல். சளியில் இரத்தம். மனைவி கேதீஸ்வரி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

சளியை நுணுக்குக்காட்டியில் வைத்துச் சோதித்த டொக்டர், "பழுதாப்போன சோத்தில பெருகி, வயித்தோட்டம் குடுக்கிற கிருமி இது. நெஞ்சுக்குள்ள வாறது அருமை. வெல்டிங் புகை பட்ட நெஞ்சில சிலநேரம் குடியேறும். மருந்து ஏத்தவேணும்" என்றார்.

கோணாமலையின் தாய் ஆச்சிப்பிள்ளை சிரித்தாள். "வயித்துக் கிருமி நெஞ்சுக்கு வந்ததாம்! வழி தெரியாமலாக்கும்?"

செத்த பேய் நெஞ்சுக்குள் ஏறியது அவளுக்கு விளங்கியது. உயிருள்ள கிருமி ஏறியதுதான் விளங்கவில்லை. மகனை ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டுவித்துச் சாமியாரிடம் கொண்டுவந்துவிட்டாள்.

கோணாமலை பாயில் கிடந்து மூச்சுக்குத் தவித்தான். உதடு நீலம். சாமியார் கன்னம் உப்ப, "ம்ம்ம்" என்று மந்திரம் முனகியபடி குனிந்தார்.

"நில்லுங்க சாமி!" கேதீஸ்வரி செம்போடு குறுக்கே வந்தாள். "உறிஞ்ச முதல் வாயைக் கொப்பளியுங்க."

"ம்ம்?"

"ஏன் முனகுறீங்க? வாயைத் திறந்து சொல்லுங்களன்."

"ம்ம்ஹும்!"

"சாமியோட என்ன புள்ள சரிக்குச் சரி?" ஆச்சிப்பிள்ளை அதட்டினாள்.

"ஒரு மிடறு தண்ணிதானே மாமி! கடலையே அடக்கினவர் செம்புத் தண்ணிக்குப் பயப்பிடுறார், பாருங்க!"

யாரோ களுக்கென்று சிரித்தார். சிரிப்பு தொற்றியது. "கொப்பளியுங்க சாமி, கொப்பளியுங்க!" வரிசையே கத்தியது. சாமியார் வாய்க்குள் ஒளித்திருந்ததை அவசரமாக விழுங்கப் பார்த்தார். புரைக்கேறியது. கண் பிதுங்க இருமி, மணல், பாசி, அவற்றைச் சுற்றியிருந்த, சோறு கட்டும் லஞ்ச் சீற் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஆச்சிப்பிள்ளையின் சேலையில் கக்கினார்.

லஞ்ச் சீற்றிலா பேய் பொதி கட்டிக்கொண்டு வரும்?

"ஐயோ, பேய் சாமிக்குள்ள பாஞ்சிட்டு!" என்று அப்போதும் ஒருவர் கும்பிட்டார். ஆச்சிப்பிள்ளை கும்பிடவில்லை. சேலையைப் பார்த்தாள். மகனின் உதட்டைப் பார்த்தாள். "ஓட்டோவைக் கூப்பிடு புள்ள!" என்று அலறினாள். ஓட்டோ வருவதற்குள் சாமியார் வேலி பாய்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏறியது. சில நாள் இழுபறி. ஒருநாள் காலை கோணாமலை எழுந்திருந்து, "பசிக்குது" என்றான். கேதீஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள். மாமி அவள் கையைப் பிடித்து, "நீ சொன்னதுதான் சரி புள்ள" என்றாள். அதுவே பெரிய அதிசயம்!

பேயை எவரும் கண்டதில்லை, வரிசையில் நின்றீர்கள். கிருமியைக் காட்ட நுணுக்குக்காட்டி இருக்கிறது, சிரித்தீர்கள். சனங்களே, தலைக்குள் இருப்பதையும் இடைக்கிடை பாவியுங்கள். தேயாது!