ராஜமணி சாரின் சுருட்டுக்கு ஒரு வாய்

சுருட்டின் எந்த முனை வாய்க்கு, எந்த முனை நெருப்புக்கு என்று பட்டாபிக்குத் தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தன. மேனேஜர் ராஜமணி தீப்பெட்டியை அவன் பக்கம் தள்ளினார்.

"எந்தப் பக்கம்னாலும் பிடிக்கலாம் ஓய். சாலைக் கடையில கிடைக்கிற மலிவுச் சரக்குதான். பத்த வையும்."

விஷயம் இதுதான். தம்பானூரில், பொன்முடித் தேயிலையைக் கப்பலுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் பட்டாபி தற்காலிகக் குமாஸ்தா. கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் மனைவி சீதாலக்ஷ்மி கரமனை அக்ரஹாரத்தில் அப்பா வீட்டிலேயே இருந்தாள். உத்தியோகம் ஸ்திரமாகட்டும், அப்புறம் பெண்ணை அனுப்புகிறேன் என்று மாமனார் பஞ்சாபகேசன் சொல்லிவிட்டார். ஸ்திரமாக்கச் சொல்லிக் கொல்லத்துத் தலைமை ஆபீசுக்கு எழுத வேண்டியவர் ராஜமணி. அவருக்கோ சுருட்டு ஏக்கம். இனிமேல் சுருட்டை வாயில் வைப்பதில்லை என்று, போன மாதம்தான் வேதப் புத்தகத்தின்மேல் கையை வைக்கச் சொல்லி மனைவி லீலாபாய் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"சத்தியம் பண்ணினது வாய். மூக்கும் காதும் பண்ணல்ல," என்றார் ராஜமணி. "நீர் பிடியும். நான் மோந்துக்கிடுதேன். ருசியை மட்டும் சொல்லும், போதும்."

பட்டாபி பிறந்ததிலிருந்து செம்பை உதட்டில் வைத்தவன் அல்ல. அண்ணாந்து குடித்தே வளர்ந்தவன். சுருட்டை எச்சில் பண்ணக் கூசி, அதையும் அண்ணாந்தே பிடிக்கப் பார்த்தான். பற்றவைத்த சுருட்டை உதட்டுக்கு ஒரு சாண் மேலே தூக்கி, வாயைத் திறந்துகொண்டு நின்றான். புகை கூரைக்குப் போயிற்று. சாம்பல் வாய்க்குள் விழுந்தது.

"ருசி எப்படி?" என்று ஆவலாகக் கேட்டார் ராஜமணி.

"விபூதி மாதிரி இருக்கு, சார்."

அவர் முகம் வாடிவிட்டது. உத்தியோகம் கைநழுவுவது பட்டாபியின் கண்ணுக்குத் தெரிந்தது. ஆசாரத்தைக் கொஞ்ச நேரம் ஒத்திவைத்து, சுருட்டைக் கவ்விப் பலமாக ஓர் இழுப்பு இழுத்தான். தொண்டை எரிந்தது, காதுக்குள் மணி அடித்தது, சுவர்க் கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. பாவம், சமையல்கட்டு ருசியைத் தவிர வேறு ருசி அறியாதவன். வாயில் வந்ததைச் சொன்னான்.

"அடிப்பிடிச்ச வத்தக்குழம்பு, சார். அதுக்கு மேல, காலிப் பெருங்காய டப்பாவை மோந்து பாத்தாப்பல."

ராஜமணி கண்ணை மூடிக்கொண்டார். "பின்னே?"

"பாகு முத்திப்போன அதிரசம்."

"என்ன நாக்கு ஓய் உமக்கு," என்று அவர் உருகினார். பட்டாபி கிணற்றடிக்கு ஓடி, காலையில் சாப்பிட்டதையெல்லாம் திருப்பிக் கொடுத்தான். பியூன் சிவதாணுதான் தலையில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தான்.

மறுநாளிலிருந்து பட்டாபி ஒரு யுக்தி செய்தான். புகையை உள்ளே இழுப்பதில்லை. வாயில் வைத்துக்கொண்டு, ருசியைக் கற்பனையில் சொன்னான். நிஜத்தை விடக் கற்பனை பிரமாதமாக அமைந்துவிட்டது. மாவடு ஜாடியின் அடி, ஆறிப்போன காப்பி டிகாக்ஷன், தாளித்துக் கருகின கடுகு என்று அவன் அடுக்க அடுக்க, தினம் ஒன்றாக இருந்த சுருட்டு காலையும் மாலையும் என்று ஆயிற்று.

வேஷ்டி, சட்டை, குடுமி எல்லாம் நாறின. கிராம்பு மென்றான். கற்பூரம் தேய்த்துக்கொண்டான். கிராம்பும் கற்பூரமும் சுருட்டோடு கலந்து புதிதாக ஒரு நாற்றத்தை உண்டாக்கின. அந்தக் கோலத்தில் வெள்ளிக்கிழமை கரமனைக்குப் போனான். சீதாலக்ஷ்மி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவனுக்கு அழுகையே வந்தது. ஆபீசில் தீப்பிடித்ததா என்று கேட்டாள் மாமியார் வாலாம்பாள். தப்பித்தோம் என்று நினைத்து, ஆமாம் என்று சொல்லிவைத்தான். தீப்பிடிக்கிற ஆபீசில் உத்தியோகம் எப்படி ஸ்திரமாகும் என்று மாமனார் கவலையோடு கேட்டார்.

இனி முடியாது என்று சொல்லிவிடுகிற தைரியத்தோடு திங்கட்கிழமை ராஜமணியின் அறைக்குப் போனான். அவர் சுருட்டை நீட்டினார். கடைசியாக ஒன்று பிடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாங்கிப் பற்றவைத்தான். பாதி எரிவதற்குள் கதவைத் திறந்துகொண்டு லீலாபாய் வந்து நின்றாள்.

அறை முழுக்கப் புகை. ராஜமணி கூரையைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் கொல்லத்துக்குக் கடிதம் போகாது, சீதாலக்ஷ்மியும் வரமாட்டாள். பட்டாபி பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டான்.

"நான்தான் அம்மா. சார் எத்தனையோ தடுத்தார். கேக்காம நான்தான் பிடிச்சேன்."

லீலாபாய் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளையை வெளியே தள்ளினால் அடியோடு கெட்டுப்போவான், உடனே ஸ்திரமாக்கிக் கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கணவரிடம் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை: சனிக்கிழமைதோறும் அவன் அவள் வீட்டுக்கு வந்து நல்ல வார்த்தை கேட்க வேண்டும். ராஜமணி அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார். லீலாபாய் அதைத் தானே தபாலில் சேர்ப்பதாக எடுத்துக்கொண்டு போனாள்.

பட்டாபிக்குத் தலைகால் புரியவில்லை. கிணற்றடிக்கு ஓடிப்போய்ப் பியூனிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"சீதா வந்துடுவா. வாரத்துக்கு ஒரு நாள் நல்ல வார்த்தை கேக்கறதுல என்ன நஷ்டம், சிவதாணு?"

பியூன் வாளியைக் கீழே வைத்தான்.

"நான் சுருட்டைத் தொட்டதே இல்ல சாமி. ஆனா பத்து வருஷமா சார் ஒளிச்சுப் பிடிச்ச சுருட்டுக்கெல்லாம் அம்மை கணக்குல குத்தவாளி நான்தான். சனிக்கிழமை சனிக்கிழமை நல்ல வார்த்தை கேட்டுக் கேட்டு, போன மாசம் ஞானஸ்நானமும் ஆயாச்சு. இனி என்மேல பழி போட்டா அம்மை நம்பமாட்டாங்கன்னுதான் சார் உங்களைப் பிடிச்சாரு. பின்னே, என் பேரு இப்ப சிவதாணு இல்ல சாமி, சாமுவேல்."