மூக்குக்குள் பூத்த கருவேலம்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. நனைந்த கரிசல் மண்ணைக் கையில் அள்ளிச் சத்தியம் செய்யலாம். மண்ணும் கையை விடாது, சத்தியமும் விடாது.

நாகலாபுரத்துக்கு அன்று ஏழு வேன், மூன்று மினி பஸ், மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளை. எல்லாரும் மூக்குச்சித்தரைப் பார்க்க வந்தவர்கள். சீமைக் கருவேலம் பூத்தால் தும்முகிறவர்களின் மூக்கில் சித்தர் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவார். தாம்பாளத்தில் துப்புவார். மஞ்சள் மஞ்சளாகக் கருவேலம்பூ! மூக்குக்குள் மரம் வளர்கிறதாம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

புதியம்புத்தூர் தையல்கடைச் சபிதாவும் வரிசையில் நின்றாள். அவள் ஒரு தும்மல் போட்டால் தையல் மிஷின் அரை முழம் தாண்டி ஓடும். போன மாதம் யூனிபார்ம் சட்டைகளுக்கு முதுகில் பை வைத்துவிட்டாள். முந்நூறு பிள்ளைகள் பேனா எடுக்கப் பின்பெஞ்சுக்காரனைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

"இன்னொரு பை முதுகுக்குப் போச்சுன்னா நீ வீட்டுக்குப் போயிருவ, பாத்துக்கிடு" என்று முதலாளி ரூபஸ் சொல்லியிருந்தார்.

டாக்டர் ஒருவர் அலர்ஜி ஊசி போடலாம் என்றார். கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் கூட்டி, முதலில் வாராவாரம், பிறகு மாதாமாதம், மூன்று வருஷம். இங்கே மூன்றே நிமிஷம்!

"சாமி, ஊசி போடலாமான்னு யோசிக்கேன்."

"போட்டுராத தாயி! குத்துன எடத்துல பூவெல்லாம் காயாப் போயிரும்."

ஒன்பது பூ வந்தது. திரும்பும் வழியில் அவள் போட்ட தும்மலில் கண்டக்டரின் டிக்கெட் கட்டு குளத்தூர் வரை பறந்தது. சபிதாவுக்கு உறுத்தியது. பூவெல்லாம் வெளியே வந்தபின் தும்முவது எது? இன்னொன்று: பூவில் வெற்றிலைச் சிவப்பு இருந்தது. அவள் மூக்கு வெற்றிலை போடுவதில்லை.

அடுத்த வாரம் கடைத்தோழி வள்ளிமயிலோடு, முக்காடு போட்ட ஒருத்தியை அணைத்துப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

"எங்க மதினி, சாமி. கூச்சக்காரி. வாயே தெறக்க மாட்டா."

சித்தர் முக்காட்டுக்குள் குழலை விட்டு உறிஞ்சித் தாம்பாளத்தில் துப்பினார். "அடேயப்பா, பதினாலு பூ, அதுல ரெண்டு காய்! இவ ஊசி போட்டிருக்கா!"

"ஆமா சாமி. ஒடம்பு பூரா குண்டூசிதான்" என்று சபிதா முக்காட்டை இழுத்தாள்.

கடைப் பொம்மை! பிளாஸ்டிக் மூக்கு. அதில் ஓட்டைகூட இல்லை.

கூட்டம் எட்டிப் பார்த்தது. போன வாரத்து மாலையைக் கழற்றாமலே மறுபடி வந்திருந்த மாப்பிள்ளை கத்தினார்: "பொம்மைக்கே பூ எடுத்துட்டாவளே! இவியதான் சாமி!"

எல்லாரும் மறுபடி காலில் விழுந்தார்கள். சபிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

வள்ளிமயில் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். "சாமி, வாய நல்லாக் கொப்புளிச்சிட்டு இன்னொருக்க உறிஞ்சுங்க."

சித்தர் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். காலில் விழுந்தவர்கள் எழுவதற்குள் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அந்த நேரம் பார்த்துக் கருவேல வேலிப்பக்கமிருந்து காற்று வீசியது. சித்தரின் மூக்கு நடுங்கியது.

அச்சூ!

அன்றைய சரக்கு மொத்தமும் மாப்பிள்ளையின் முகத்தில்.

"ஏலே, கடவாயில தோட்டமா வச்சிருந்த?" என்று மாப்பிள்ளை மாலையைக் கழற்றிக்கொண்டு பாய்ந்தார். சித்தர் கூட்டத்துக்குள் நுழைந்து ஓடினார். ஓடுகிற போக்கில் சபிதா காதோரம் கேட்டார்: "தாயி, அந்த ஊசி எங்கன போடுதாவ?"

சபிதா ஊசி போட ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். டாக்டர் அற்புதம் எதுவும் சொல்லவில்லை. "கொறையும், பொறுத்துப் பாரும்மா" என்றார். சட்டைப் பைகள் மெல்ல மெல்ல முன்பக்கம் வந்துகொண்டிருக்கின்றன.

மூக்குக்கு நாலு விரற்கடை மேலேதான் மூளை இருக்கிறது. எதை நம்புமுன்னும் அதை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், இந்தக் கதை உட்பட. அந்தத் தையல்கடைப் பொம்மைகள் எதற்கும் தலையே கிடையாது.