எண்ணெய் காய்வதற்குள் கடுகு

சேலத்துக் கல்லூரி ஒன்றில் பொருளியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்று, நாமக்கல் செல்லும் நான்குவழிச் சாலையோரம் அமைந்த எங்கள் மனைப்பிரிவின் குடியிருப்போர் சங்கத்துக்கும் தலைவன். என் சொல்லை இதுவரை எவரும் சந்தேகித்ததில்லை. ஆகவே, கடுகுக்காரரைப் போன்றதொரு பிடிவாதக்காரரை இந்தச் சேலம் சீமை முன்னும் கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை என்று நான் எழுதினால், அதை மிகை என்று கொள்ள வேண்டாம்.

ரயில்வேயில் பணியாற்றியவர். சூரமங்கலத்தில் எனக்கு எதிர்வீடு. அவருக்கென்று முறையான பெயர் ஒன்று இருந்தது. தெரு அதை மறந்து, கடுகுக்காரர் என்றே அழைத்தது. காரணம், அவர் வீட்டில் எந்தச் சரக்கும் இருப்பு இராது. மனைவியார் வாணலியை அடுப்பில் ஏற்றி எண்ணெய் ஊற்றிய பிறகுதான் அவர் செருப்பையே மாட்டுவார். தெருமுனை மளிகைக் கடையில் சிறு பொட்டலம் கடுகு, பக்கத்துக் கூடைக்காரியிடம் ஒரு கொத்து கறிவேப்பிலை. எண்ணெய் புகைவதற்குள் வீடு திரும்பிவிடுவார். அதற்குள் வழியில் நாலு பேரை நலம் விசாரித்து, ஒருவரோடு சண்டையும் போட்டு முடித்திருப்பார்.

மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் விலை குறையுமே என்று, பொருளியல் கற்றவன் என்ற முறையில் ஒருமுறை எடுத்துரைத்தேன்.

"ஏனுங்க புரொபசர், ஒரு மாசத்துக்கு வேணுங்கற மூச்சை இன்னைக்கே உட்டுட்டு, அப்பறம் சும்மா இருப்பீங்களா?"

கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

மனைவியார் மறைந்த பின் வாணலி ஏற்றுவதும் கடைக்கு ஓடுவதும் அவர் ஒருவர் வேலையே ஆயிற்று. பிறகு, நான் முன்னரே குடிபெயர்ந்திருந்த இந்த மனைப்பிரிவில் அவர் மகனும் வீடு கட்டி அவரை அழைத்து வந்தான். இங்கே வீடுகள் பெரியவை. வாயிலில் காவலாளி உண்டு. கடைதான் இல்லை. ஞாயிறுதோறும் காரில் நாமக்கல் சென்று, பின்பக்கம் நிறையச் சாமான்களை அடைத்துக்கொண்டு வருவது இங்குள்ளோர் வழக்கம்.

வந்த மறுநாள் காலையே எண்ணெயைக் காய வைத்துவிட்டுக் கிளம்பினார். கடை கண்ணுக்குத் தெரிந்தது. சாலைக்கு எதிர்ப்புறத்தில், லாரிக்காரர்களை நம்பி ஓர் அம்மாள் நடத்தும் சிறு கடை. இடையில் விரைந்தோடும் முட்டை லாரிகள்; சாலை நடுவே அரளிச் செடிகள். மகன் பின்னாலேயே ஓடி வந்து அவரைக் காரில் ஏற்றிக்கொண்டான். காரில் எதிர்ப்புறம் சேர, அடுத்த ஊர்ப் பாலம்வரை சென்று திரும்ப வேண்டும். வீடு வரவும் அதே போன்ற சுற்று. அவர்கள் வந்து சேர்ந்தபோது சமையலறைச் சுவர் கருத்திருந்தது.

"எதுத்தாப்பல இருக்கற கடைக்கு அடுத்த ஊரு போயிட்டு வரோணுமா?" என்று என்னிடம் பொருமினார். "இந்த ரோட்டப் போட்டவன் ஊட்டுல தாளிக்கவே மாட்டாங்களாட்ட இருக்குது!"

மருமகள் டப்பா டப்பாவாகக் கடுகை அடுக்கி வைத்தாள்.

"மாமா, ஒரு வருசத்துக்குக் கெடக்குதுங்க. இன்னும் எதுக்குங்க கடை?"

"அது உன்ற கடுகு சாமி. நானாப் போயி வாங்கிட்டு வந்தாத்தான் என்ற கடுகு."

மறுநாளிலிருந்து நடந்தே சாலையைக் கடக்கத் தொடங்கினார். மகன் என்னிடம் வந்தான். வாயிலில் அவரைத் தடுக்கும்படி காவலாளிக்கு நான் உத்தரவிட வேண்டும் என்றான். "அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா என்னங்க பண்றது?" அச்சம் நியாயமானதே. எனினும், சுயபுத்தியுள்ள ஒரு மனிதரை அடைத்து வைக்கும் அதிகாரம் சங்க விதிகளில் இல்லை என்றேன். மாறாக, ஒரு நாள் நானே அவருடன் சென்றேன். இஸ்திரி போட்ட வேட்டியோடு அரளிப் புதருக்குள் நான் ஒண்டி நின்ற கோலத்தைப் போன பேருந்தெல்லாம் பார்த்துச் சென்றன.

"ஓடாதீங்க புரொபசர்! நீங்க ஓடுனா லாரிக்காரன் பயந்துக்குவான்."

கடைக்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னங்க, இன்னைக்கு ஆளோட வந்துருக்கறீங்க? கடுகுக்குக் காவலுங்களா?"

"இல்லீங்க அம்மணி. தாளிப்புக்குச் சாட்சி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மனைவியார் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மழை தூறிய ஒரு காலையில் லாரி அவரை அடித்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். ஓட்டுநர் சாலையோரம் அமர்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். உயிர் போயிருந்தது. மூடிய கைக்குள் பொட்டலம் நனையாமல் இருந்தது. அந்நேரம் ஆளில்லாத அவர் வீட்டுச் சன்னலில் புகை கிளம்ப, காவலாளி உள்ளே போய் அடுப்பை அணைத்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள்.

"அடுப்பு எரியறதையே மறந்துட்டு வெளிய போயிருக்கறாருங்க. வயசானா இப்பிடித்தான்."

"ஊட்டுக்கு வழியும் மறந்துருக்கும், பாவம்."

மகன் மறுக்கவில்லை. அதில் அவனுக்கு ஏதோ ஆறுதல் இருந்திருக்கலாம். கடுகுக்காரருக்கு மறதி நோய் என்று மனைப்பிரிவு முழுவதும் முடிவாகிவிட்டது.

சாட்சி என்ற முறையில் அதைத் திருத்துகிறேன். அவருக்கு மறதி எதுவும் இருந்ததில்லை. கடைக்குப் போகையில் அவர் ஒருநாளும் அடுப்பை அணைத்ததில்லை. அன்றும் கடுகு வாங்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்.