ஏழாம் வகுப்பில் ஆட்டு மூளை

பெருமாட்டி
18-7-1976

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஆறுமுகசாமி அவர்களுக்கு, மச்சான் குப்பண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மருதாத்தாளும் பிள்ளையும் எருமையும் சுகம். அங்கு தாங்களும் தென்னைகளும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை.

பிரசவத்துக்குப் பிறகு பேச்சையும் தூக்கத்தையும் விட்டுவிட்ட என் தங்கை ராமாத்தாளை, "பேய் புடிச்சிருக்குதுங்க, ஓட்டிப்போட்டுச் சொல்லியுடுங்க" என்று கைக்குழந்தையோடு கொண்டுவந்து விட்டுப் போனீர்களே, அந்த விஷயமாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குப் பூசாரியிடம் சொல்லி, கருஞ்சேவலும் வாங்கிவிட்டேன். அதற்குள் ஏழாவது படிக்கும் என் மகள் கமலம், சயின்ஸ் டீச்சர் ஆட்டு மூளை கேட்டதாகச் சொன்னாள். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் வாங்கி வந்தேன், மருதாத்தாள் மிளகு போட்டு வறுத்துவிட்டாள், பாடம் என் வயிற்றுக்குள் போனபிறகுதான் கமலம் அழுத அழுகையில் விவரம் தெரிந்தது. மறுநாள் இன்னொன்றை இலையில் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு மூளை எதற்கு என்று நாலு வார்த்தை கேட்டுவரலாமென்று நானே போனேன். போடிமெட்டுப் பக்கமிருந்து வந்த சந்தனமேரி டீச்சர், "உக்காருங்க அண்ணாச்சி" என்று பிள்ளைகளின் பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தேன், கேட்கப் போனதை மறந்தேன். என்ன டீச்சர், மாப்பிள்ளை! மூளையைக் கையில் ஏந்தி, பயம், தூக்கம், அழுகை எல்லாம் இதன் வேலைதான், கல்லீரலுக்குக் காமாலை வருவதுபோல இதற்கும் சீக்கு வரும், பிள்ளை பெற்றவளுக்கும் வரும், அது பாவமுமில்லை பேயுமில்லை, வைத்தியம் இருக்கிறது என்று அந்தம்மாள் சொல்லச் சொல்ல எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்பெஞ்சுப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை பூசாரி சாட்டையோடு வந்தார். கமலமும் நாலு சிநேகிதிகளும் வாசலில் மறித்து, "ஏனுங்க பூசாரியய்யா, காச்சக்காரங்கள அடிச்சா காச்ச எறங்குமுங்களா?" என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் சேவலைக் கொடுத்து அனுப்பிவைத்தேன். ராமாத்தாளைப் பாலக்காட்டில் டாக்டரிடம் காட்டி ஒன்றரை மாதமாகிறது. மாத்திரை சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், நேற்றுக் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே என் மீசையையும் கேலி செய்தாள். அந்த டீச்சரை நான் கோயில் கட்டித்தான் கும்பிட வேண்டும். ஆகையால் மாப்பிள்ளை உடனே ஒரு நல்ல நாள் பார்த்து வந்து அவளை அழைத்துப்போகவும்.

தங்கள் தாய் தகப்பனுக்கு என் வணக்கம். தங்களுக்கு நோய்நொடியில்லாத ஆயுளும் நல்ல மழையும் கிடைக்கட்டும்.

அன்புள்ள மச்சான்,
குப்பண்ணன்

பின்குறிப்பு: மேற்படியை ராமாத்தாளிடம் வாசித்துக் காட்டினேன். "இப்ப வர வேண்டாமுன்னு எழுதீருங்கண்ணா. பேயின்னு சொன்னவரு, அந்த டீச்சர்கிட்ட ஒரு நாள் படிச்சுப்போட்டு வரட்டும். எனக்கொண்ணும் அவசரமில்லை" என்கிறாள். டீச்சரும் சம்மதித்துவிட்டார். வருகிற 26-ந் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு. தாமதமாக வருகிறவர்களை அந்தம்மாள் வெளியே நிறுத்திவிடுவார்.