ஒரு கீறல் விழாமல் ஒரு நாள்

கீறல் ஒன்றரைச் சாண் நீளம் இருந்தது. இடது பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே ஆரம்பித்து, பின்சக்கரத்தைப் பார்த்துச் சாய்வாக ஓடியிருந்தது. சர்வேயர் குனிந்து கையால் அளந்தார். நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார். பாழாய்ப்போன கீறல் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

எச்சிலைத் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். அழுக்கில்லை, கீறலேதான்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. ஒர்க்‌ஷாப்காரர்கள் அவரை முன்னால் விட்டு, பின்னால் 'கீறல் சார்' என்பார்கள். நசுங்கியது, கவிழ்ந்தது, மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டது என்று இப்படிப்பட்ட வண்டிகளையே பார்த்துப் பார்த்து, நன்றாக ஓடும் வண்டியும் நாளைக்கு நசுங்கப் போகும் வண்டியாகத்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். அதனால் லைசென்ஸ் இருந்தும் நாற்பத்தொன்பது வயது வரை பஸ்தான்.

ஆனால் ஆசை யாரை விட்டது? எட்டு மாதமாக ஒரு குட்டி வண்டியின் மேல் அவருக்குக் கண். உருண்டையான இரண்டு முன்விளக்கு, பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. பார்த்தால் அந்தக் காலத்து வண்டி, மிதித்தால் பந்தய வண்டி. "பெட்ரோலைக் குடிக்காது சார், மோந்து பார்த்துட்டே ஓடும்" என்று ஷோரூம்காரர் சொன்ன நாளிலிருந்து தூக்கம் போயிற்று. வாங்கலாமா, வேண்டாமா? காலையில் வாங்கலாம் என்பார். பஸ் ஜன்னல் வழியே ஒரு விபத்தைப் பார்த்துவிட்டால் வேண்டாம் என்பார்.

மனைவிக்குத்தான் அலுத்துவிட்டது. "ஒண்ணு வாங்குங்க, இல்ல மறந்து தொலைங்க. சாப்பிட உக்காந்தா வண்டி படம், எழுந்தா வண்டி படம். கல்யாணத்துக்கு முன்னாடி என் போட்டோவைக்கூட நீங்க இவ்வளவு தடவை பார்த்திருக்க மாட்டீங்க."

"பயமா இருக்கே."

"எதுக்குத்தான் உங்களுக்குப் பயம் இல்ல?"

கடைசியில் சர்வேயர் ஒரு சபதம் போட்டார். ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்க ஷோரூமில் வண்டி தருகிறார்கள். காலையில் வாங்கி, மாலை ஆறு மணிக்கு ஒரு கீறல் விழாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால் மறுநாளே வண்டி வாங்கிவிடுவது. ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் இந்த ஜென்மத்தில் வண்டிப் பேச்சே எடுப்பதில்லை.

"எழுதிக் குடுங்க" என்றாள் மனைவி. எழுதிக் கொடுத்தார்.

அன்று காலை ஷோரூம்காரர் காகிதத்தை நீட்டியபோது வண்டியைப் பார்த்த பரபரப்பில், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வண்டியில் ஒட்டியிருந்த 'ஓட்டிப் பார்க்க' ஸ்டிக்கரைக் கெஞ்சி உரிக்க வைத்தார். ஆபீசில் யாராவது பார்த்தால் கேள்வி கேட்பார்களே!

"சீக்கிரம் முடிவு பண்ணுங்க சார்" என்றார் ஷோரூம்காரர். "இதே பச்சையில போன வாரம்தான் ஒண்ணு போச்சு."

பத்து நிமிஷத்துப் பாதையை ஐம்பது நிமிஷத்தில் கடந்தார். சைக்கிளில் போன ஒரு பெரியவர் அவரை முந்திவிட்டு, திரும்பிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா தம்பி?" என்று விசாரித்தார்.

ஆபீசுக்குக் கீழே பார்க்கிங் ரொம்பக் குறுகல். வண்டியை வாசலில் விட்டுவிட வேண்டியது. நிறுத்துவது காவலாளியின் பாடு. அவர் சாவிகளை ஒரு பலகையில் மாட்டி வைப்பார். நம்பர், பெயர் எல்லாம் அவருக்குச் சரிப்படாது. ஒவ்வொரு ஆணிக்கு மேலேயும் 'கறுப்பு', 'சிவப்பு', 'வெள்ளை பெரிசு', 'வெள்ளை சிறிசு' என்று சாக்கட்டியால் எழுதியிருப்பார். சர்வேயர் வந்ததும் 'பச்சை' என்று புதிதாக ஒரு சொல் ஏறியது.

மதியம் மனசு கேட்கவில்லை. வண்டி பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு நடை பார்க்கக் கீழே இறங்கினார். காவலாளி போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். "பச்சைதானே சார்?" என்று ஆணியிலிருந்து சாவியை எடுத்து நீட்டி, தாடையாலேயே மூலையைக் காட்டினார்.

அந்த மூலையில்தான் இந்தக் கீறல்.

"இங்க யாராவது வந்தாங்களா? இடிச்சாங்களா?" என்று ஓடி வந்து கேட்டார் சர்வேயர்.

காவலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டார். "நிக்கற வண்டியை யாரு சார் இடிக்கப் போறா?"

சர்வேயருக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாக அவர் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி அது. 'வண்டி சும்மாதான் சார் நின்னுது' என்று கண்ணீர் விட்டவர்களையெல்லாம் பொய்யர்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். இப்போது அவரை யார் நம்பப் போகிறார்கள்? ஷோரூம்காரர் சிரிப்பார். மனைவி அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவாள். போயிற்று, வண்டி போயிற்று.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் உதவியாளர் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "சார், மேடம் உங்களை அஞ்சு மணிக்கு இங்க பார்க்கிங்ல நிக்கச் சொன்னாங்க. ஏதோ வண்டி விஷயமாம். சர்வே ஃபாரத்தையும் எடுத்துட்டு வரணுமாம்."

புது மேலாளர் வந்து மூன்று நாள்தான் ஆகிறது. முதல் நாளே எல்லோரையும் உட்கார வைத்து, "கண்ணை மூடிட்டு விரலால தட்டினாலே போதும், எங்க பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்குன்னு சொல்லிடுவேன். மறைக்கறவங்க எனக்குத் தேவையில்லை" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியாமல் பதினான்கு பேரும் நாற்காலியில் சுருங்கினார்கள். ஆபீஸ் நேரத்தில் சர்வேயர் ஷோரூம் வண்டியில் சொகுசாக வந்ததை மேடம் ஜன்னல் வழியே பார்த்திருக்க வேண்டும். ஃபாரம் எதற்கு? சர்வேயர் கையாலேயே சர்வேயர் மேல் எழுத வைக்கத்தான்.

ஐந்து மணிக்குள் கீறல் மறைய வேண்டும். மச்சானுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி, உலகத்தில் எதைக் கேட்டாலும் பதில் சொல்வான், தெரியாது என்று மட்டும் சொல்லவே மாட்டான்.

"பல் விளக்கற பேஸ்ட் இருக்கா அத்தான்? துணியில எடுத்து வட்டம் வட்டமாத் தேயுங்க. கீறல் காணாமப் போயிடும்."

"நிச்சயமாவா?"

"நான் எத்தனை வண்டிக்குத் தேய்ச்சிருக்கேன்!"

அவனிடம் வண்டியே கிடையாது என்பது தேய்த்து முடித்த பிறகுதான் சர்வேயருக்கு நினைவு வந்தது. கீறல் காணாமல் போனது உண்மைதான். அது இருந்த இடத்தில் தட்டளவுக்குப் பச்சை வெளுத்துத் தேமல் மாதிரி நின்றது.

"ரொம்ப அழுத்தித் தேய்ச்சிட்டீங்க போலிருக்கு" என்றான் மச்சான். "அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னே, உன்னைக் கொன்னுடுவேன்."

வேறு வழியில்லை. ஒர்க்‌ஷாப்பிற்குப் போக வண்டியில் ஏறினார். ஏறினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. காலையில் தாராளமாகக் கால் நீட்டி உட்கார்ந்த சீட்! பயத்தில் மனுஷனுக்கு உடம்புகூட வீங்குமா என்று பயந்துகொண்டே சாவியைத் திருப்பினார். பெட்ரோல் முள் முக்கால் டாங்கைக் காட்டியது. காலையில் அரை டாங்க்தான் இருந்தது. ஐம்பது நிமிஷம் ஓட்டி வந்த பிறகும் பெட்ரோல் ஏறியிருக்கிறதென்றால் இது என்ன மாயம்! இப்பேர்ப்பட்ட வண்டி நமக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒர்க்‌ஷாப் பெயின்டர் அவரைக் கண்டதும் கையிலிருந்த ஸ்ப்ரே துப்பாக்கியைக் கீழே வைத்தார். பதினைந்து வருஷமாக அவர் போட்ட பில்லையெல்லாம் பாதியாக வெட்டிய மகராசன் தானாக வந்து நிற்கிறார்.

"வாங்க கீறல்... வாங்க சார்! யாரு வண்டி?"

"தெரிஞ்சவங்க வண்டி. நாலரைக்குள்ள முடியணும். வெளியில தெரியக் கூடாது."

பெயின்டர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "எப்படி ஆச்சு?"

"சும்மாதான் நின்னுட்டிருந்துது."

"அப்படியா சார்?" என்றார் பெயின்டர். அவர் முகத்தில் பதினைந்து வருஷத்துச் சந்தோஷம் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. "நம்பறேன் சார். நீங்க சொன்னா நம்பாம இருப்பேனா?"

வெளுத்த இடத்தில் மட்டும் பச்சை அடித்து, விளக்கைக் காட்டிக் காய வைத்தார். காய்ந்ததும் இருவரும் நான்கடி பின்னால் போய் நின்று பார்த்தார்கள். வண்டி பாசிப் பச்சை. கதவில் ஒரு வட்டம் மட்டும் கிளிப் பச்சை.

"ஐயையோ, முன்னைக்கு இப்ப பளிச்சுனு தெரியுதே!"

"கம்பெனிப் பச்சை வரவழைக்கணும்னா நாலு நாள் ஆகும் சார். இல்லேன்னா, அது மேல எதையாவது ஒட்டி மறைக்கலாம்." உள்ளே போய், தூசி தட்டி ஒரு பெரிய வெள்ளை வட்ட ஸ்டிக்கரை எடுத்து வந்தார். நடுவில் கறுப்பாக 7 என்று இருந்தது. "பந்தய வண்டிக்கு ஒட்டறது. வண்டியே ஸ்போர்ட்ஸ் மாதிரிதானே, கம்பெனியே போட்டுக் குடுத்ததுன்னு நினைச்சுக்குவாங்க."

சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். ஸ்டிக்கர் அம்சமாக உட்கார்ந்தது.

"ஒரு பக்கம் மட்டும் ஏழு இருந்தா சந்தேகம் வரும் சார்."

வலது பக்கமும் ஏழு ஏறியது.

"ரெண்டு பக்கமும் நம்பர் இருந்து, மேல பட்டை இல்லேன்னா மொட்டையா இருக்கு."

முன் மூடியிலிருந்து கூரை வழியாகப் பின்னால் வரைக்கும் இரண்டு கறுப்புப் பட்டைகள் ஏறின. எதற்கும் இருக்கட்டும் என்று பெயின்டர் பின்னால் ஒரு தீச்சுவாலையும் ஒட்டியபோது சர்வேயருக்குத் தடுக்கத் தெம்பில்லை. பஸ்ஸுக்குக்கூடப் பயப்படும் மனுஷன், பின்பக்கம் நெருப்பு எரியும் ஏழாம் நம்பர் வண்டியில் ஆபீசை நோக்கிப் புறப்பட்டார். வழியில் பைக்கில் இரண்டு பேர் பக்கத்தில் வந்து, பந்தயத்துக்கு வருகிறாரா என்று விரலைச் சொடுக்கிக் கேட்டார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு அவர்களை முன்னால் போகச் சொன்னார்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம். பார்க்கிங்கில் காவலாளியைக் காணோம். பழைய மூலையிலேயே வண்டியைத் தானே நுழைத்து நிறுத்தினார். எங்கும் இடிக்கவில்லை. அந்த நிமிஷத்தில், அத்தனை பயத்துக்கு நடுவிலும், மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நமக்கு வண்டி ஓட்ட வருகிறதே! நாள் முழுக்க ஓட்டியும் யார் மேலும் மோதவில்லையே! அந்த ஒரு கீறல் மட்டும் விழாமல் இருந்திருந்தால் நாளைக்கே வாங்கியிருக்கலாம்.

மாடிப்படியில் டக், டக் என்று செருப்புச் சத்தம் கேட்டது. மேடம்தான்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று சர்வேயர் முடிவு செய்தார். 'வண்டி சும்மாதான் மேடம் நின்னுது' என்று சொல்லிவிட வேண்டும். நம்பினால் நம்பட்டும். வேலை போனாலும் போகட்டும். பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து, பேனாவைத் திறந்தார். முதல் கட்டத்தில் எப்போதும் வண்டி நம்பர். 'நம்பரை நேர்ல பார்க்காம பேனாவைத் தொடாதே' என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவர் அவர். பழக்கத்தில் குனிந்து, காலையிலிருந்து முதல் தடவையாக அந்த வண்டியின் நம்பரைப் பார்த்து எழுத ஆரம்பித்தார்.

செருப்புச் சத்தம் கடைசிப் படிக்கு வந்தபோது, இன்னொரு பக்கத்திலிருந்து காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் ஒரு சாவி ஆடிக்கொண்டிருந்தது. வண்டியின் ஏழையும் பட்டையையும் தீச்சுவாலையையும் மாறி மாறிப் பார்த்தவருக்கு முகம் வெளிறிப்போயிற்று. சர்வேயரின் காதோரம் குனிந்தார்.

"சார், உங்க வண்டி காலையில நிறுத்தின இடத்துலயே, அந்தத் தூணுக்குப் பின்னாடி ஒரு கீறல்கூட விழாம நிக்குது, இது மேடத்தோட வண்டி, இன்னைக்குத்தான் முதல் தடவையா எடுத்துட்டு வந்தாங்க, ரெண்டு சாவியும் ஒரே ஆணியில கிடந்து மாறிப்போச்சு, கதவுல இருக்கற கீறலை அஞ்சு மணிக்கு நீங்க வந்து பார்த்து எழுதற வரைக்கும் யாரும் விரலால கூடத் தொடக் கூடாதுன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க!"