குளத்துக்கு நன்மை செய்யும் செடி

அலுவலக வளாகத்தில் புதிதாக வெட்டிய குளத்துக்கு நன்மை பயக்கும் நீர்ச்செடிகளைத் தெரிவு செய்வதென்று முறைப்படி தீர்மானிக்கப்பட்டது. தோட்டக்காரர் அங்கே பதினோரு ஆண்டாகத் தற்காலிகம். குளம் மேலிடத்து ஆய்வில் தேறினால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். ஆகவே மனிதர் மண்டையைக் குடைந்து யோசித்து, ஒரு வாளியில் வேலம்பாசியும் இன்னொன்றில் அல்லியும் கொண்டுவந்து மேசையருகே வைத்தார்.

மேலாளர் பாசியைப் பேனாவால் தொட்டுப் பார்த்தார். "இது என்னய்யா செய்யும்?"

"அடியில கெடந்து தண்ணியச் சுத்தமா வச்சிருக்கும் சார். மீனுக்கு மூச்சு குடுக்கும்."

"அடியில கெடந்தா? வேலை செய்யுதுன்னு நான் எதைப் பாத்து எழுதறது?"

"தண்ணி தெளிஞ்சிருக்குமே சார்."

"தெளிஞ்சிருந்தா ஒண்ணுமே செய்யாத மாதிரில்ல இருக்கும்."

அல்லி அலுவலக நேரத்தில் பூப்பதில்லை என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. நீர்மேல் மிதந்து பரவும் ஆகாயத்தாமரை ஒருமனதாகத் தேர்வானது. கண்ணுக்குத் தெரிகிறது, மாதாந்திர முன்னேற்ற அறிக்கைக்கு எந்த மாதமும் குறை வைக்காது.

"சார், அது குளத்தையே முழுங்கிடும்."

"முழுங்கட்டும்யா. வளர்ச்சிதானே?"

மூன்றே மாதத்தில் முன்னேற்றம் நூறு விழுக்காட்டைத் தொட்டது. பொட்டுத் தண்ணீர் வெளியே தெரியவில்லை. ஆய்வுக்கு வந்த அம்மையார் மாடிச் சன்னலில் நின்று தேநீர் குடித்தபடி கீழே பார்த்தார்.

"நல்ல புல்தரை. யார் பராமரிக்கறது?"

"அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்த தோட்டக்காரரின் காலை மேலாளர் மிதித்தார். மிதிபட்டவர் பதினோரு ஆண்டையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"நான்தாங்க," என்றார் தோட்டக்காரர்.

கோப்பில் 'குளம்' என்று வரும் இடமெல்லாம் 'புல்தரை' எனத் திருத்தப்பட்டது. நிரந்தர ஆணையும் வந்தது. பதவி: புல்தரைப் பராமரிப்பாளர். பணி: காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுவது.

அவரும் தவறவில்லை. தினமும் குழாயைப் பிடித்துக் குளத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். காலை நடைக்கு வருகிறவர்கள், ஓரம் காய்ந்திருக்கிறது, சரியாக ஊற்றவில்லை என்று இரண்டு முறை புகார் கொடுத்தார்கள்.

மூன்றாம் முறை ஒருவர் தாளோடு வந்தார்.

"அண்ணே, ஒரு கையெழுத்து போடுங்க. இவ்வளவு புல்தரை இருந்து என்ன, கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒரு குளம் இல்லையேன்னு மனு. முன்னூறு பேர் போட்டாச்சு."

"யார் யாரு?"

"முதல் கையெழுத்தே உங்க மேலாளருதுதான்."

நிரந்தரப் பணியாளர் குழாயை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்திட்டார்.