கெளுத்தி டீமின் கோல் ஜட்ஜ்

அமெரிக்காவுக்கு வந்த தமிழர்களில் யார் பெரிய பயந்தாங்கொள்ளி என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு சீட்பெல்ட் அண்ணனுக்குத்தான். அதை வாங்க மேடை ஏறுவாரா என்பது வேறு விஷயம். மேடைக்கு முட்டு ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்களா என்று குனிந்து பார்க்காமல் அவர் ஏற மாட்டார்.

அவருடைய சொந்தப் பெயர், டெக்சாஸில் சுகர் லேண்ட் என்ற ஊரில் இருந்த எங்கள் அபார்ட்மென்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. நிறுத்தி வைத்த காரின் பின் சீட்டில் ஐந்து நிமிஷம் உட்கார வேண்டியிருந்தாலும் பெல்ட் போட்டுக்கொள்வார். அதனால் வந்த பெயர். கரூர்க்காரர். ஓர் எண்ணெய்க் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எதை எடுத்தாலும் அதில் ஒரு கோளாறு இருக்கும் என்று நம்புவதற்கு அங்கே சம்பளம் கொடுத்தார்கள். இவர் ஓசியிலேயே அப்படி நம்புகிறவர்.

வீட்டில் அண்ணி கடுகு தாளித்தால், இவர் ஸ்டூல் மேல் ஏறி ஸ்மோக் அலாரத்துக்குத் துண்டால் விசிறிக்கொண்டிருப்பார். ஒருமுறை ஊருக்கு போன் போடும்போது விரல் தவறி, போலீஸை அவசரமாகக் கூப்பிடுகிற 911-ஐ அழுத்திவிட்டார். போலீஸ் வந்து கதவைத் தட்டியபோது, தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லவும் பயம். பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணிதான் சமாளித்தார். அதற்குப் பிறகு ஊரிலிருந்து வருகிற போனில் பேசுவாரே தவிர, இவராக ஊருக்குப் போட்டதில்லை.

இப்பேர்ப்பட்டவர் ஐஸ் ஹாக்கியில் நாலு வருஷம் கோல் ஜட்ஜாக இருந்தார். கூடவே இருந்து பார்த்தவன் நான். எனக்கே சில சமயம் நம்பிக்கை வருவதில்லை.

டெக்சாஸில் ஏது ஐஸ் என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த மாநிலத்துக்கு அப்படி ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. டிசம்பரில்கூட ஏஸி போடுகிற ஊர்களில் எல்லாம் ஆளுக்கொரு ஐஸ் ஹாக்கி டீம் ஆரம்பித்தார்கள். பெரிய லீக்கில் இடம் கிடைக்காத கனடாப் பையன்களைக் கூட்டி வந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் போனால் ஒரு சின்ன ஊர். அங்கே மாட்டுக் கண்காட்சி நடத்துகிற கொட்டகைக்குள் ஐஸைப் பரப்பி, ஒரு டீமை இறக்கினார்கள். சட்டையில் மீசை வைத்த ஒரு மீன். எங்கள் ஆட்களுக்கு அது கெளுத்தி டீம்.

கெளுத்தி டீமின் சரித்திரம் ரொம்பச் சின்னது. முதல் வருஷம் கடைசி இடம். இரண்டாம் வருஷம் கோச் பாதியில் காணாமல் போனார். மூன்றாம் வருஷம் குளிரூட்டும் மெஷின் படுத்துக்கொண்டு, ஆடுகளம் குளமாகி, மேட்ச்சை ரத்து செய்தார்கள். ஆட்டக்காரர்கள் பகலில் பீட்சா டெலிவரி செய்துவிட்டுச் சாயங்காலம் வந்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். பார்க்க வருகிறவர்கள், நல்ல நாளிலேயே, எண்ணிவிடக் கூடிய கூட்டம்தான். மாட்டு வாசனை மட்டும் எந்த வருஷமும் குறையவில்லை.

சீட்பெல்ட் அண்ணன் இதில் மாட்டியது அவருடைய மேனேஜரால். தொப்பிக்காரர் என்போம் அவரை. ஆறடி நாலங்குல உயரம், அதற்கு மேல் ஒரு கௌபாய் தொப்பி. டீமில் அவருக்கும் பங்கு உண்டு. ஒருநாள் காபி மெஷின் பக்கத்தில் இவரை நிறுத்தி, “ஒரு பொருள் கோட்டுக்கு உள்ளே இருக்கா, வெளியே இருக்கான்னு பார்த்துச் சொல்ல உன்னால முடியுமா?” என்று கேட்டிருக்கிறார். டெஸ்டிங் விஷயம் என்று நினைத்து இவரும் முடியும் என்று சொல்லிவிட்டார்.

“என்னன்னு தெரிஞ்சப்புறமாவது முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேண்ணே” என்றேன்.

“எப்படிங்க தம்பி சொல்றது? ஆறு வருசமா க்ரீன் கார்டுக்குக் காத்துக் கெடக்கறேன். கடைசி லெட்டர்ல அவருதானுங்க கையெழுத்துப் போடோணும். போடலைன்னா மறுபடியும் முதல்ல இருந்துங்க.”

ஆக, பயத்தினால்தான் அவர் அந்தக் கூண்டுக்குள் போனார். கோல் வலைக்கு நேர் பின்னால், கண்ணாடித் தடுப்பை ஒட்டி ஒரு சின்னக் கூண்டு. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு ஸ்விட்ச். பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை கோட்டைத் தாண்டி வலைக்குள் போனால் ஸ்விட்சை அழுத்த வேண்டும். மேலே சிவப்பு லைட் எரியும். அவ்வளவுதான் வேலை. என்ன, அந்த வில்லை கார் போகிற வேகத்தில் அவருடைய மூக்கைப் பார்த்து வரும். தவறினால் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணாடியில் மோதும். பின்னாலேயே ரெண்டு மூன்று ராட்சதர்கள் வந்து அதே கண்ணாடியில் விழுவார்கள்.

முதல் மேட்ச்சுக்கு அவர் சைக்கிள் ஹெல்மெட், காலில் கட்டுகிற கிரிக்கெட் பேடு, வயிற்றுக்குத் தலையணை சகிதமாகப் போனார். ஃப்ரீவேயில் கார் ஓட்ட மாட்டார் என்பதால் டிரைவர் நான். நான் பக்கத்து லேனுக்கு மாறும்போதெல்லாம், “வேண்டாங்க தம்பி, இதே லேன்ல போனாலும் ஊரு வருமுங்க” என்பார். எனக்குச் சம்பளம், கூண்டுக்குப் பின் வரிசையில் ஓர் ஓசி டிக்கெட்.

அங்கே உட்கார்ந்த மூன்றாவது நிமிஷம் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பக் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மனுஷர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். மூடிக்கொண்டேதான் ஸ்விட்சை அழுத்துகிறார். அதைவிட அதிசயம், சரியாக அழுத்துகிறார். திரும்பும்போது கேட்டேன்.

“சத்தமுங்க தம்பி. கம்பில பட்டா டங்குன்னு கேக்கும். கோல் காக்கற கோலி கால்ல பட்டாப் பொத்துன்னு கேக்கும். கண்ணாடில பட்டா என்ற உசுரே போயிருமுங்க. கோலுன்னா ஒண்ணுமே கேக்காது. வலை ஒரு மூச்சு விடும், அவ்வளவுதானுங்க.”

நாலு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு தப்புக்கூட கிடையாது. ஊர்க்காரர்களுக்கு அவர் பயந்துபோய்க் கண்ணை மூடுவது தெரியாது. வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்து மரியாதை கொடுத்தார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு மேட்ச்சும் பயம். என்றைக்காவது ஒருநாள் காது ஏமாற்றிவிட்டால் என்ன செய்வார்?

நாலாவது வருஷம் என்ன மாயமோ, கெளுத்தி ஜெயிக்க ஆரம்பித்தது. கடைசி லீக் மேட்ச், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தோற்காமல் இருந்தாலே அடுத்த சுற்றான பிளே-ஆஃப். தோற்றால் டீமை இழுத்து மூடிவிடுவோம் என்று தொப்பிக்காரர் உட்படப் பங்குதாரர்கள் எல்லாரும் பேப்பரில் சொல்லிவிட்டார்கள். இந்தப் பக்கம், அண்ணனுடைய க்ரீன் கார்டு லெட்டர் ஒருவழியாக டைப் ஆகி, கையெழுத்துக்காகத் தொப்பிக்காரர் மேஜையில் இருந்தது. திங்கட்கிழமை போடுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

அன்றைக்கு உள்ளே நுழைந்ததும் ரெண்டு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டோம். கொட்டகை நிறைந்து வழிந்தது. முகத்தில் நீலப் பெயின்ட் அடித்தவர்கள், தகர டப்பாவைத் தட்டுகிறவர்கள், மாட்டு மணியை ஆட்டுகிறவர்கள். பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் காதில் விழவில்லை. அண்ணன் கூண்டுக்குள்ளிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எழுந்து போய்க் குனிந்தேன். என் காதில் வாயை வைத்துச் சொன்னார், “தம்பி, ஒண்ணுமே கேக்கலைங்க.”

“அப்ப என்னண்ணே பண்றது?”

“கண்ணைத் தொறந்துதானுங்க ஆகோணும்.”

திறந்தார். பின்னாலிருந்து பார்த்தேன். இடது கையால் இடது இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை ஸ்விட்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக் கண்ணாடியில் மோதும் ஒவ்வொரு தடவையும் ஸ்டூலோடு ஓர் அடி பின்னால் வருவார், மறுபடியும் முன்னால் போவார். சிரிப்பு வரவில்லை எனக்கு. ஓட வேண்டி வந்தால் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

மூன்றுக்கு மூன்று. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. எதிர் டீம்காரன் ஒருவன் எங்கள் கோலைப் பார்த்து அடித்தான். ஐந்தாறு பேர் வலை முன்னால் குவியலாக விழுந்தார்கள். ரெஃப்ரியையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். எங்கள் கோலி மட்டும் கையைப் பின்னால் விட்டு எதையோ முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். ஜனங்கள் எழுந்து நின்று கொண்டாடினார்கள். பிடித்துவிட்டான் என்று நானும் கை தட்டினேன்.

மேலே சிவப்பு லைட் எரிந்தது.

அந்தக் கொட்டகையில் அவ்வளவு அமைதி அதற்கு முன்னால் இருந்ததில்லை. ரெஃப்ரி எழுந்து, தொடையைத் தேய்த்துக்கொண்டே கூண்டுப் பக்கம் சறுக்கி வந்தார். கண்ணாடி இடுக்கு வழியாகக் கேட்டார், “உள்ளே போச்சா?”

இல்லை, கை தவறிப்பட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பார்த்தது அவர் ஒருத்தர்தான். நாலு வரிசைக்கு மேல் தொப்பிக்காரர் எழுந்து நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லித் தொலைங்கண்ணே என்று எனக்கு வாய்வரை வந்தது.

“எஸ் சார்” என்றார் அண்ணன். “வெரி சாரி சார்.”

பியர் கப், பாப்கார்ன் டப்பா, யாரோ ஒருவருடைய பூட்ஸ் எல்லாம் கூண்டின் மேல் வந்து விழுந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த மலை மாதிரி ஒருவன் என் தோளைப் பிடித்து, “நீ அந்த ஆளோடதானே வந்தே?” என்றான்.

நான் சொன்னேன், “யாருன்னே எனக்குத் தெரியாது.”

கூட்டம் கலைகிற வரை அண்ணனைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். செக்யூரிட்டிக்காரர் கார்வரை கொண்டுவந்து விட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஏறினார். பாதி தூரம் வந்த பிறகு, மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். “அண்ணே, ஒருத்தன் கேட்டப்ப உங்களைத் தெரியாதுன்னுட்டேன்.”

“நல்லதுங்க தம்பி. ரெண்டு பேருமே அடி வாங்கறதுல என்னங்க பிரயோசனம்?” என்றார். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார் அந்த மனுஷர். எனக்குத்தான் ரோடு சரியாகத் தெரியவில்லை.

“ஏண்ணே அழுத்தினீங்க? கண்ணை மூடியிருந்தேன்னு சொல்லியிருக்கலாமே. நாலு வருஷமா அதானே உண்மை.”

“பாத்துட்டேனுங்களே தம்பி” என்றார்.

திங்கட்கிழமை காலை மேஜையைக் காலி செய்து, பிள்ளையார் படத்தையும் காபி கப்பையும் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டு எனக்கு போன் செய்தார். “மேனேஜரு கூப்பிட்டிருக்காருங்க தம்பி. போறேனுங்க.” நான் வேலை செய்தது வேறு கம்பெனி, வேறு கட்டடம். அன்றைக்கு ஒரு வரி புரோகிராம்கூட எழுதவில்லை. மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன். மூன்றரை மணிக்குத்தான் மறுபடி போன் அடித்தது.

உள்ளே போனதும் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாராம். “நாலு வருஷமா நீ கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். நேத்து மட்டும் ஏன் திறந்தே?” என்று கேட்டாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ரொம்பச் சத்தமுங்க சார்னேன். அதுக்கு அவரு என்னையவே பாத்துட்டு இருந்தாருங்க. அப்பறம் மத்தியானம் வான்னு அனுப்பிட்டாரு. மத்தியானம் போனா, லெட்டரைக் கையில குடுத்தாருங்க. கையெழுத்துப் போட்டிருக்குதுங்க தம்பி.”

கெளுத்தி டீமை அந்த மாதமே மூடினார்கள். கொட்டகையில் மறுபடி மாடுகள் வந்தன. தொப்பிக்காரர் அவரிடம் ஹாக்கி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையிலும் ஒரு குறை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கும் வேலை போயிருக்கிறது, விசா தீரப் பார்த்திருக்கிறது, ஆபரேஷன் தியேட்டருக்குள் என்னையே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை மூன்றரை மணி வரை சீட்பெல்ட் அண்ணனுக்காகப் பயந்த மாதிரி, எனக்காக நான் ஒருநாளும் பயந்ததில்லை.